பொரி மடித்த எழுத்துகள்

மரக்காணத்தில் தேசப்பனின் உப்புக் கம்பெனி அலுவலகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய அறை ஒன்று உண்டு. சாமி அறை அல்ல, கம்ப்யூட்டர் அறை. ஏர்கண்டிஷன் வைத்த அறையும் அது ஒன்றுதான். முதலாளி தேசப்பனின் தலைக்கு மேல் வெறும் ஃபேன் சுற்றியது. அதுவும் உப்புக்காற்றில் துருப்பிடித்து, சுற்றுகிற நேரமெல்லாம் முனகும். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. புதுச்சேரியில் அவருடைய சம்பந்தி தன் அரிசி மண்டிக்குக் கம்ப்யூட்டர் வாங்கினார் என்று கேள்விப்பட்ட சூட்டோடு இவரும் வாங்கிவிட்டார். வாங்கி இறக்கிய பிறகுதான் அதை யார் ஓட்டுவது என்ற யோசனையே வந்தது.

அப்படித்தான் சவரியம்மாளுக்கு அந்த வேலை கிடைத்தது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அதே கம்பெனியின் பாத்திகளில் உப்பு வாருகிறவர்கள். பள்ளிக்கூட விடுமுறைகளில் அவளும் கூடை சுமந்திருக்கிறாள். உப்புத் தண்ணீரில் நின்று கால் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, பள்ளி திறந்த பிறகும் நொண்டிக்கொண்டே போவாள். "எங்க காலு போனது போதும்" என்று சொல்லி, அம்மாதான் அவளைத் திண்டிவனத்துக்கு டைப்ரைட்டிங் படிக்க அனுப்பினாள். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பரீட்சை முடித்தாள். பிறகு புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு. அது முடிந்த கையோடு, கூடை சுமந்த கம்பெனிக்கே ஆபரேட்டராக வந்து உட்கார்ந்தாள். அம்மா ஒரே ஒரு நாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, மார்கழி மாசம் மாதிரி குளிருது" என்று முந்தானையைப் போர்த்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

சனிக்கிழமை கூலி நாள். முன்பெல்லாம் கணக்கப்பிள்ளை சகாதேவன் பேர் வாசிப்பார், ஆட்கள் கைநாட்டு வைத்துவிட்டு வாங்கிப் போவார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு ஆளுக்கொரு கூலிச் சீட்டு அச்சாகி வந்தது, எல்லாம் இங்கிலீஷில். உப்பு வாருகிற கொளஞ்சி தன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சின்ன வயதில் கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் போனவள், தமிழ் எழுத்து சிலது அடையாளம் தெரியும்.

"ஏம்மா சவரி, இதுல என் பேரு எங்க இருக்குது?"

சவரியம்மாள் விரல் வைத்துக் காட்டினாள்.

"இதுவா? யாரு பேரோ மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கொளஞ்சி போய்விட்டாள். அவள் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சவரியம்மாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய அம்மாவும் அந்த வரிசையில்தான் நின்றிருந்தாள். அம்மா சீட்டைப் பார்க்கக்கூட இல்லை, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த மெஷினுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த மெஷின் அந்தக் காலத்தில் மெட்ராஸில் எங்கேயாவது இருந்திருக்கலாம், மரக்காணத்தில் இல்லை. ஆனால் பிரிண்டர் எழுத்தை எழுதவில்லை, புள்ளி புள்ளியாகக் குத்துகிறது என்பதைச் சவரியம்மாள் கவனித்திருந்தாள். புள்ளிதானே? கோலம் போடத் தெரிந்தவளுக்குப் புள்ளி வைத்து ஒரு 'க' போட வராதா என்று ஆரம்பித்தாள். வந்தது, ஆனால் சும்மா வரவில்லை. கிராஃப் பேப்பரில் ஒவ்வொரு எழுத்துக்கும் கட்டம் கட்டமாகப் பென்சிலால் புள்ளி வைத்து, அதை எண்ணாக மாற்றி, மெஷினில் ஏற்றி, அடித்துப் பார்ப்பாள். 'க' வண்டு மாதிரி இருக்கும். 'ழ'வின் வால் பக்கத்து எழுத்தின் காலை வாரும். அழித்துவிட்டு மறுபடி வைப்பாள். வேலை இல்லாத நேரமெல்லாம் இதே வேலைதான். ஒரு சீசன் முழுக்க ஓடிப்போயிற்று.

முடித்தாள். ஒரு சனிக்கிழமை, சீட்டின் தலையில் 'கொளஞ்சி' என்று தமிழில் அச்சாகி வந்தது. பக்கத்தில் ராசம்மாள், ஆண்டாள் என்று வரிசையாக எல்லாப் பேரும். கொளஞ்சி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள். "நான்தான் இது" என்றாள் பிறகு. அந்தச் சீட்டை வீட்டில் கண்ணாடிச் சட்டத்தில் செருகிவைத்தாள். தலை வாரும்போதெல்லாம் அதன் மேல் விரலை ஓட்டி ஓட்டி, கடைசியில் கையெழுத்தே போடக் கற்றுக்கொண்டாள். அவளுடைய 'கொ'வும் பிரிண்டரின் 'கொ' மாதிரியே கொஞ்சம் முட்டி மடங்கித்தான் இருக்கும். அதைப் பார்த்து மற்ற பெண்களும் ஆரம்பித்தார்கள். சகாதேவனின் மேஜையில் கைநாட்டு மை டப்பா காய்ந்து கிடந்தது. அந்த வருஷம் சவரியம்மாள் அடைந்த பெருமையைக் கர்வம் என்று சொன்னாலும் தப்பில்லை. கர்வப்பட்டுக்கொள்ளட்டுமே, அவள் பட்ட பாட்டுக்கு.

அந்தக் கர்வத்தில்தான் ஒரு காரியம் செய்தாள். அந்த வருஷ ஆயுத பூஜையில் பொரி கடலை மடித்துக் கொடுக்கப் பேப்பர் போதவில்லை என்று சகாதேவன் அலைந்துகொண்டிருந்தார். சவரியம்மாள் தன் கிராஃப் பேப்பர் கட்டைத் தூக்கி நீட்டினாள். "இதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு சார். இனிமே எதுக்கு? எடுத்துக்குங்க." அகர வரிசை மொத்தமும் பொட்டலமாகச் சுருண்டது. லாரி டிரைவர்கள் தின்றுவிட்டுக் கசக்கி எறிந்தார்கள். அவளும் ஒன்றைப் பிரித்துத் தின்றாள். அது எந்த எழுத்து என்றுகூடப் பார்க்கவில்லை.

போதாததற்கு, பூஜையில் ஃபிளாப்பிகளையும் வைத்தார்கள். மெஷினில் இருப்பதைப் பிரதி எடுத்து வைக்கிற மெல்லிய தட்டுகள் அவை. சகாதேவன் பக்தியோடு ஒவ்வொன்றையும் உறையிலிருந்து உருவி, சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தார். நடுவில் இருந்த ஓட்டை அதற்கு வசதியாகவும் இருந்தது. அதன் பிறகு அவற்றை மெஷின் படிக்கவே இல்லை. அதனால் என்ன, மெஷின் பெட்டிக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கிறதே என்று அன்றைக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் புரட்டாசி பிறக்கிற நேரம், பெட்டிக்குள் இருந்தது பேச ஆரம்பித்தது.

முதலில் காலையில் சுவிட்சைப் போட்டால் உள்ளே கணக்கும் எழுத்தும் பதிந்திருந்த தட்டு சுழன்று எழுகிற சத்தம் பாதியில் அடங்கும். நிறுத்திப் போட்டால் வரும். பிறகு வேலை நடுவில் நாக்கைச் சப்புக்கொட்டுகிற மாதிரி ஒரு 'டிக்... டிக்'. பிறகு திரையில், படிக்க முடியவில்லை, மறுபடி முயலவா, விட்டுவிடவா என்று ஒரு இங்கிலீஷ் வரி. மறுபடி என்று தட்டினால் படித்துவிடும். இது நல்லதற்கில்லை என்று சவரியம்மாளுக்குத் தெரிந்தது. ஆனாலும் பல் ஆடுகிறவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானமெல்லாம் அவளும் சொல்லிக்கொண்டாள். ஏசி சத்தமாக இருக்கும், கரண்ட் கம்மியாக இருக்கும், ஈரக்காற்றாக இருக்கும்.

ஒரு நாள் எத்தனை முறை போட்டும் எழவில்லை. சகாதேவன் வந்து, தேங்காய் முற்றிவிட்டதா என்று பார்க்கிற மாதிரி பெட்டியைச் சுண்டினார். எழுந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் வந்து சுண்டுவது வழக்கமாயிற்று. "மெஷினுக்கும் கொஞ்சம் பயம் வேணும்மா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

அந்த வாரச் சீட்டில் ஆண்டாளின் 'டா' பாதி காணாமல் வந்தது. மெஷினைக் கொண்டுவந்து பொருத்தியவன் முஹ்சின். கோட்டக்குப்பத்துக்காரன், துபாயில் ரிப்பேர் வேலை பார்த்துவிட்டு வந்து புதுச்சேரியில் கடை போட்டிருந்தான். அவனுக்குப் போன் போட்டாள். சொன்னதையெல்லாம் அவன் பொறுமையாகக் கேட்டான்.

"மேடம், ஹார்ட் டிஸ்க் போகப் போவுது. இன்னிக்கா நாளைக்கான்னு தெரியாது. யாரும் தட்ட வேணாம்னு சொல்லுங்க. இப்ப ஓடுதா?"

"ஓடுதுங்க."

"அப்ப நிறுத்தாதீங்க. நிறுத்தி சூடு ஆறிட்டா தட்டு ஒட்டிக்கும், திரும்ப எழும்பாது. ஓடறப்பவே காப்பி எடுத்துடுங்க. எது போனா திரும்ப வராதோ, அதை மொதல்ல எடுங்க. பில்லைப் பார்த்துத் திரும்ப அடிக்கக்கூடியது எல்லாம் அப்புறம்."

"நான் வரைஞ்ச எழுத்து இருக்குதுங்க அதுல. வேற எங்கயும் இல்ல."

"அப்ப அதான் மொதல்ல" என்றான் முஹ்சின். "பூஜை லீவு முடிஞ்சதும் நான் வந்துடறேன். அதுவரைக்கும் நிறுத்தாதீங்க."

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மறுநாள் ஆயுத பூஜை. அன்றைக்குக் கம்பெனியில் ஒரு சக்கரமும் ஓடக்கூடாது. பம்ப்செட்டு முதல் தராசு வரை கழுவிப் பொட்டிட்டு ஓய்வு கொடுத்தாக வேண்டும். ஊரெல்லாம் அப்படித்தான். அந்த நாளில் மெஷினை நிறுத்தாதீர்கள் என்று கேட்கப்போவது யார்? மாதா கோயிலுக்குப் போகிற சவரியம்மாள். இத்தனை வருஷம் பூத்தட்டைப் பிடித்திருக்கிறாள், பொரி தின்றிருக்கிறாள், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது கேட்டால் அதை மெஷின் விஷயமாகவா எடுத்துக்கொள்வார்கள்? நல்ல ஃபிளாப்பிகளோ முதலாளியின் பீரோவில் இருந்தன, சாவி அவர் இடுப்பில். அவர் பூஜைச் சாமான் வாங்கப் புதுச்சேரி போயிருந்தார். அவள் 'டிக் டிக்'கைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் தேசப்பன் வாழைக்கன்றும் பூசணிக்காயுமாக வந்து இறங்கினார். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் உப்புக் குவியலுக்குக் கீற்று வேய்கிற பெண்கள் ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சவரியம்மா, மெஷினை நிறுத்தித் தொடச்சு வெச்சுடு."

"முதலாளி... நிறுத்த வேணாம்ங்க."

சகாதேவன் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, உங்க கோயில்ல ஏதாச்சும் சொன்னாங்களா?"

அவள் பயந்த வார்த்தை அதுதான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் முஹ்சின் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். தேசப்பன் வாழைக்கன்றைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"நிறுத்தினா செத்துடுமா?"

"செத்தாலும் செத்துடும்ங்க."

"யோவ் சகாதேவா, சீக்காளியை எழுப்பி உக்கார வெச்சு பொட்டு வெக்கச் சொல்றியா? அது பாட்டுக்கு ஓடட்டும். ஓடற மெஷினுக்கே கற்பூரம் காட்டிக்கலாம், சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது." பீரோவைத் திறந்து உறை பிரிக்காத ஃபிளாப்பிகளை எடுத்துக் கொடுத்தார். "இந்தா. எடுக்க வேண்டியதை எடு. என் கணக்கு இருக்குதுல்ல அதுல?"

"இருக்குதுங்க."

உள்ளே போய் உட்கார்ந்தாள். இவ்வளவு எளிதாக முடியும் என்று அவள் நினைக்கவே இல்லை. முஹ்சின் சொன்னபடி பார்த்தால் எழுத்துகளைத்தான் முதலில் எடுக்க வேண்டும். கணக்குக்கு ரசீதுக் கட்டுகள் இருக்கின்றன, மெனக்கெட்டால் மறுபடி அடித்துவிடலாம். எழுத்துக்கு ஒன்றும் இல்லை. விரல் விசைக்கு மேல் நின்றது. ஆனால் மெஷின் அவருடையது. ஃபிளாப்பி அவருடையது. தன் பேச்சை நம்பி, பூஜை வழக்கத்தையே மாற்றிக்கொண்டவர் அவர். அவர் கணக்கை அப்புறம் என்று தள்ளிவிட்டுத் தன்னுடையதைக் காப்பாற்றிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. புத்திசாலித்தனம் இல்லைதான். ஆனால் அவளை அறிந்த யாருக்கும் அவள் வேறு மாதிரி செய்திருப்பாள் என்று தோன்றாது.

கணக்கை ஃபிளாப்பியில் ஏற்ற ஆரம்பித்தாள். மெஷின் ஒவ்வொரு இடமாக முரண்டு பிடித்தது. படிக்க முடியவில்லை என்று நிற்கும். மறுபடி என்று தட்டுவாள். கொஞ்சம் நகரும், மறுபடி நிற்கும். ஜன்னல் கண்ணாடியில் மழை அறைய ஆரம்பித்தது. "மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்தபடி தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசிக் கணக்கும் ஏறியது. ஃபிளாப்பியை உருவி உறையில் போட்டாள். புதியதைச் செருகினாள். எழுத்துகள் இருந்த கோப்பின் பேரை அடித்து முடித்தாள்.

கரண்ட் போயிற்று.

ஏசி நின்றது. பெட்டிக்குள் சுழன்றுகொண்டிருந்த தட்டின் சத்தம் மெதுவாக, மெதுவாக இறங்கி அடங்கியது. இருட்டில் அவள் கணக்கு ஏறிய ஃபிளாப்பியைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விளக்கு திரும்ப வந்தபோது சுவிட்சைப் போட்டாள். 'ம்' என்று ஒரு முனகல், அவ்வளவுதான். சகாதேவன் ஓடிவந்து சுண்டினார். முஹ்சின் தட்டக்கூடாது என்றதை அவள் ஞாபகப்படுத்தவில்லை, தட்டட்டும் என்று விட்டுவிட்டாள். அவர் தயங்கித் தயங்கி நாலு பக்கமும் சுண்டிப் பார்த்துவிட்டு, "நான் தட்டித்தான் போயிடுச்சோ" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி அவள் கேட்டதில்லை.

விஜயதசமி கழித்து முஹ்சின் வந்து புது டிஸ்க் மாட்டினான். கணக்கெல்லாம் ஒன்றுவிடாமல் வந்துவிட்டது. தேசப்பனுக்கு முகமெல்லாம் பல். "எங்க சவரியம்மா கெட்டிக்காரி" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். முஹ்சின் மட்டும் அவளருகே வந்து, தாழ்ந்த குரலில், "எழுத்து?" என்று கேட்டான். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கழற்றிய பழைய டிஸ்க்கை அவன் ஒரு துணியில் சுற்றினான். "இன்னொரு தடவ திறந்து பார்க்கறேன் மேடம்" என்று எடுத்துப் போனான். பார்த்தும் ஒன்றும் வரவில்லை.

சனிக்கிழமை சீட்டுகள் மறுபடி இங்கிலீஷில் வந்தன. வரிசையில் சலசலப்பு. கொளஞ்சி நேராக அறை வாசலுக்கே வந்துவிட்டாள், காலெல்லாம் சேறு.

"ஏம்மா சவரி, என் பேரு எங்க?"

"போயிடுச்சுக்கா."

"போயிடுச்சுன்னா?"

"மெஷினோட உள்ளத் தட்டு செத்துப்போச்சு. எழுத்தெல்லாம் அதுலதான் இருந்துது."

"நீதான போட்ட? மறுபடி போடேன்."

"எத்தனை மாசம் ஒக்காந்து போட்டது தெரியுமாக்கா? வரைஞ்ச பேப்பர நானே பொரி மடிக்கக் குடுத்துட்டேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. முதலாளி பாராட்டியபோதெல்லாம் அடக்கி வைத்திருந்தது மொத்தமும் அந்த வரிசையின் முன்னால் வந்தது. கொளஞ்சி அவளைத் தொடப் போனாள். கையில் உப்பு இருந்ததால் நிறுத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை கொளஞ்சி ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள். உள்ளே ஒரு வருஷத்துச் சீட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

"இதுல இருக்குதே. இத பார்த்துப் போடு."

சவரியம்மாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். 'கொளஞ்சி'. ஒவ்வொரு எழுத்திலும் அவள் வைத்த புள்ளிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. எண்ணினால் எண்ணிவிடலாம். எழுத்துகள் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கின்றன என்று இத்தனை நாள் அழுதிருக்கிறாள். வாராவாரம் அவள் கையாலேயே அடித்து, கிழித்து, ஊர் முழுக்கக் கொடுத்தது அவளுக்கு நினைவே வரவில்லை.

அதற்குள் விஷயம் பாத்தி பாத்தியாகப் பரவிவிட்டது. ராசம்மாளின் சீட்டு மாரியம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. ஆண்டாளின் சீட்டில் வெற்றிலைக் கறை. ஒருத்தியின் சீட்டில் பாதியை ஆடு தின்றிருந்தது, மீதியைக் கொண்டுவந்து அசடு வழியக் கொடுத்தாள். சவரியம்மாளின் அம்மா மகளுக்கே தெரியாமல் டிரங்குப் பெட்டியின் அடியில் புடவைக்குள் வைத்திருந்த சீட்டுகளை எடுத்து வந்து, மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். பொடி எழுத்துப் படிக்கத் தான் வைத்திருந்த பூதக்கண்ணாடியைச் சகாதேவன் கொண்டுவந்து கொடுத்தார். "கிராஃப் பேப்பர் நான் வாங்கித் தர்றேம்மா" என்றார்.

மழைக்காலம் முழுக்க உப்பளத்தில் வேலை இல்லை, அவளுக்கு இருந்தது. பூதக்கண்ணாடியில் புள்ளி எண்ணி, கட்டத்தில் வைத்து, எண்ணாக்கி, ஏற்றினாள். ஊரில் யார் பேரிலும் வராத எழுத்துகளை மட்டும் புதிதாக வரைந்தாள்.

தை பிறந்து பாத்திகளில் உப்பு பூத்தது. முதல் சனிக்கிழமை சீட்டு தமிழில் வந்தது. கொளஞ்சி புதுச் சீட்டையும் பழைய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"கொம்புல ஒரு புள்ளி கொறையுது."

சவரியம்மாள் எண்ணிப் பார்த்தாள். குறைந்துதான் இருந்தது. சிரித்துக்கொண்டே போய்த் திருத்தினாள். திருத்தியதும் ஃபிளாப்பியில் ஏற்றினாள். இன்னொரு ஃபிளாப்பியிலும் ஏற்றினாள். ஒன்றை முதலாளியின் பீரோவில் வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு பாத்தி வரப்புக்கே நடந்தாள்.

"அக்கா, இத உங்க வீட்ல வெச்சுக்குங்க. இங்க ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா திரும்ப ஏதாச்சும் ஆயிடும். மடிக்கக்கூடாது. தண்ணி படக்கூடாது. சந்தனம் குங்குமம் வெக்கவே கூடாது."

கொளஞ்சி கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு அதை வாங்கினாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்குள்ளயா என் பேரு இருக்குது?"

"எல்லார் பேரும் இருக்குதுக்கா."

கொளஞ்சி தன் பிளாஸ்டிக் கவரை மடியிலிருந்து எடுத்து, பழைய சீட்டுகளுக்கு நடுவில் அதைச் செருகி, மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாம போ" என்றாள். "நான் பொரி மடிக்கக் குடுத்துட மாட்டேன்."